கொழுக்கட்டைப்புல் இருந்த கரை

ஆரோக்கியராஜ் இருபத்திரண்டு வருஷம் புல்லை ஆராய்ந்தவர். வாராவாரம் சிதம்பரத்தில் பஸ் ஏறி சேத்தியாத்தோப்பு ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். அந்தப் பக்கத்தில் கொழுக்கட்டைப்புல் மிஞ்சியிருந்தது அந்தக் கரையில்தான். அதையும் உண்ணிச்செடி என்ற களை நெருக்கியது. களையைப் பிடுங்கச் சொல்லி அவரே பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். எது களை என்று காட்டித்தான் கொடுக்கவில்லை. களை தெரியாத ஜனமா என்று இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் வந்தால் கரை மொட்டையாகக் கிடந்தது. உண்ணிச்செடி மட்டும் பூத்து நின்றது.

“ஒரு புல்லு வுடல சார், வேரோட புடுங்கிட்டோம்,” என்றாள் நூறு நாள் வேலைக்கு வந்த சௌந்தரம். “பூச்செடிய மட்டும் வுட்டு வச்சோம். அழகா இருக்குதுல்ல?”

தலையாட்டினார். காய்ந்த குவியலைக் கிளறினார். கதிர் முற்றுவதற்குள் பிடுங்கியிருந்தார்கள்; ஒரு விதை தேறவில்லை.

பஸ் ஏறினார். இனி வாராவாரம் வருவதற்கு அங்கே ஒன்றுமில்லை.