வீட்டுப்பாடமாகக் கிடைத்த கேள்வி

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு 'ரிப்பன்' என்று பெயர். எங்கே திறப்பு விழா நடந்தாலும் ஆசிரியர் அவளைத்தான் அனுப்புவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளோ யாரிடமும் எதிர்க்கேள்வி கேட்காமலே நிருபர் வேலையில் பிழைத்துவந்தாள். புற்றுநோய் பற்றி எழுத நிருபர்களுக்குப் பயிற்சி என்றதும், வேறு ஆள் சிக்காமல்தான் அவளை அனுப்பினார்கள்.

அங்கே பாடம் நடத்திய டாக்டர் அம்மா, "மெஷின் வந்துருச்சுன்னு எழுதிட்டுப் போயிடறீங்க. அது ஓடுதான்னு யாராவது கேட்டீங்களா? நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க, அதான் வீட்டுப்பாடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. ஊருக்கே ஒரே கதிர்வீச்சு மெஷின், பெரிய ஆஸ்பத்திரியில். மார்பில் ஆபரேஷன் முடிந்த அவளுடைய அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். போகும்போதெல்லாம் "அடுத்த வாரம் வாங்க" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் மெஷின் அறை பூட்டிக் கிடந்தது. "பார்ட்ஸ் வாங்கித் தரலைங்க, மாசக்கணக்கா நிக்குது. என்னை மாட்டி விட்டுறாதீங்க" என்று மெஷின் ஓட்டுபவர் முணுமுணுத்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"சார், மெஷின்ல கடைசியா எப்ப ட்ரீட்மென்ட் குடுத்தீங்க?"

"நீங்களாம்மா இதைக் கேக்கறது?" திறப்பு விழாக்களில் அவளைப் பார்த்துப் பழகியிருந்த அவர் சிரித்தார். "உங்க அக்காவும் நம்ம வரிசையிலதானே இருக்காங்க? பாத்து எழுதுங்க."

அந்தச் சிரிப்புதான் அவளைக் கதிகலங்க வைத்தது. நோட்டை மூடிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

சொல்லக்கூடாது என்று வந்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "எழுதினா உன்னைக் கடைசிக்குத் தள்ளிடுவாருக்கா. நான் எழுத மாட்டேன்."

அக்கா கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இத்தனை நாளும் அந்த அடுத்த வாரத்தை நம்பித்தான் அவள் தூங்கியிருந்தாள்.

"ஓடாத மெஷினுக்கு வரிசையில முதல்ல நின்னா என்னடி, கடைசியில நின்னா என்ன?" துண்டைக் கீழே வைத்தாள். "எழுது. ஆனா இங்க, என் பக்கத்துல உக்காந்து எழுது. எனக்குப் பயமா இருக்குடி."