வாய் தட்டிய எழுத்துகள்

லேபிள் அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பசைத்தாளிலிருந்து லேபிளை உரிக்கும்போது ஒருமுறை, மாத்திரைப் பெட்டியில் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்க்கும்போது இன்னொருமுறை. "எம் வி ஆர் எக்ஸ் எக்ஸ்... எம் டி டி வி..." என்று ஒரே மூச்சில், ராகம் போட்டு. "அக்கா மந்திரம் ஓதுது, யாரும் குறுக்க போகாதீங்க" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

மருந்துக் கிடங்கின் பேக்கிங் அறையில் அக்காவுக்கு இது ஒன்பதாவது வருடம். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். பெட்டிமேல் வரும் அந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டர் ஏதோ ரகசியக் கணக்கில் கோத்துத் தருகிறது. அது என்ன கணக்கு என்று மேசைப் பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒட்டினால் போதும், வாயை மூடிக்கொண்டு.

வீட்டில் மகள் வம்புக்கு இழுப்பாள். "எக்ஸ் எம் எம் ஆர். இது சரியாம்மா?"

"சீ, அப்படி வராது."

"ஏன் வராது?"

"வராதுன்னா வராது. வாய் தட்டுதுடி."

போன மாதம், கடைகளிலிருந்து திரும்பி வந்த இதய மாத்திரைப் பெட்டிகளை வேறு கடைகளுக்கு அனுப்பப் பிரித்து அடுக்கும் வேலை. நாலாவது பெட்டியிலேயே அக்காவின் உதடு நின்றுவிட்டது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் தட்டியது. அதே தினுசில் நாற்பது பெட்டிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"அதே அட்டை, அதே கலரு. உங்களுக்கு என்னக்கா பிரச்சனை?" என்றார் சூப்பர்வைசர்.

"எழுத்து நம்ம எழுத்து இல்ல தம்பி. நெஞ்சு வலின்னு வாங்கிப் போடுற மாத்திரை. நான் அனுப்ப மாட்டேன்."

பெட்டிகளை மறித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். நாற்பதும் போலி. உள்ளே இருந்தது வெறும் மாவு.

இத்தனை உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார்கள் என்று பார்த்தால், விசாரணை வைத்தார்கள்! தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார்.

"ரகசியக் கணக்கை உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஒன்பது வருஷமா என் கண்ணுக்கு முன்னால போட்டுப் போட்டுக் காட்டினது நீங்கதான்."

நம்பவில்லை. சரியும் தப்புமாக இருபது எழுத்துக் கோவைகளை ஒரு தாளில் எழுதி நீட்டினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே சரியானதற்கு மட்டும் டிக் அடித்தாள். ஒவ்வொன்றாகத் திரையில் தட்டிப் பார்த்துத்தான் அவரால் திருத்த முடிந்தது. பதினெட்டு சரி.

இரண்டு தப்பானதால் அது குருட்டடியாம். பதினெட்டு சரியானதால் திருட்டாம். இரண்டையும் ஒரே வாயால், ஒரே மூச்சில் சொன்னார் அந்த மனிதர்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "உங்க வீட்டுக் குழந்தை 'அம்மா வந்தான்'னு சொன்னா உடனே திருத்துவீங்கல்ல? எந்த விதின்னு யோசிச்சிட்டா திருத்துறீங்க? காதுல குத்துது, திருத்துறீங்க. எனக்கும் குத்துச்சு. அது திருட்டா?"

பதிலுக்கு அச்சடித்த தாள்தான் வந்தது. 'எழுத்துக் கணக்கின் விதிகளை நான் அறிவேன். வெளியில் சொல்ல மாட்டேன்.' கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாளையிலிருந்து, லேபிளே கண்ணில் படாத அட்டை மடிக்கிற பகுதிக்குப் போக வேண்டும்.

அக்கா நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"'அறிவேன்'னு போட்டிருக்கு. எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அதெல்லாம் சிஸ்டத்துக்குத்தான் தெரியும்."

தாளைத் திருப்பினாள். வெற்றுப் பக்கம் மேலே வந்தது. அதன்மேல் பேனாவை வைத்து, இரண்டையும் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"முதல்ல அந்த விதிய இதுல எழுதுங்க. படிச்சுத் தெரிஞ்சுக்குறேன். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

அதுவரை அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.