இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு சாக்கு. நான் செய்தது வெளியே தெரிய வேண்டாம் என்பதுதான் நிஜம்.

என் நண்பன் திருச்சியில் ஒரு காலேஜில் மீடியா படிக்கிறான். நாயனம், தவில், தாளம் மூன்றும் சேர்ந்து வாசிப்பதை நேரடியாகப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். கேமரா அவன், மைக் நான். உனக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். வீட்டில் சும்மா கிடந்தேன், கூப்பிட்டான்.

முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் கிடைத்தது. சத்தம் வரக் கூடாது என்று ஃபேனை எல்லாம் நிறுத்தினோம். தாளம் போடுகிறவர் திருவானைக்காவல்காரர், எங்கள் ஏரியா. விடுவேனா?

“யாருக்குண்ணே ஜால்ரா அடிக்கிறீங்க?”

“நாயனக்காரருக்குத்தான் தம்பி. வேற யாரு கூப்பிடுறா?”

நண்பன் கேமராவை ஓடவிட்டான். டெஸ்டுக்கு ஒரு தட்டு தட்டச் சொன்னேன். உள்ளங்கையளவு வெண்கலத் துண்டு இரண்டுதான். சத்தம் மிஞ்சிவிட்டது என்று ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனுக்குள் என் காது கிழிந்தது. இப்படியே விட்டால் நாயனம் கேட்காது.

“அண்ணே, மைக் செத்துடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்று தட்டினார். அப்போதும் சிவப்பு.

“இன்னும் கொஞ்சம்ணே. இன்னும்.”

“இன்னும் தள்ளினா கொள்ளிடத்துல நின்னுதான் தட்டணும் தம்பி.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடைசியில் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். விளக்கு அணைந்தது.

“இப்பதாண்ணே ஃப்ரேமும் அழகா இருக்கு” என்றேன்.

இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

மூன்றாவது மாசம் நாயனக்காரர் போன் செய்தார். தாளக்காரர் நெஞ்சுவலியில் போய்விட்டார். நண்பனுக்குப் பரீட்சை, நான் மட்டும் போனேன். சுவரில் மாலை போட்ட படம். ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கியது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் மனைவி என்னை உட்காரச் சொன்னார்.

“நீங்கதான் வீடியோ எடுத்த தம்பியா? அன்னிக்கு வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு, நம்ம ஏரியாப் பையன் ஒருத்தன் ஓட்டிக்கிட்டே இருந்தான்னு.”

தலையாட்டினேன்.

“இத்தன வருஷத்துல அவரு தாளம் போடப் போன எடத்துக்கு நான் ஒருநாளும் கூடப் போனதில்ல தம்பி. கல்யாண வீடியோவுல எல்லாம் பொண்ணு மாப்பிள்ளதான் இருப்பாங்க. நீங்க வாசிக்கிறவங்களையே எடுத்தீங்களாமே? அவரு தட்டுறத ஒரே ஒருவாட்டி பாத்துக்கிறேன்.”



“இருக்குக்கா. கொண்டாறேன்.”

இல்லை. எடுத்ததை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். நாயனக்காரரின் உப்பிய கன்னம் இருக்கிறது. தவில்காரரின் விரல் இருக்கிறது. தூண் இருக்கிறது. தூணுக்கு அந்தப் பக்கம் அவர் வேட்டியின் ஓரம்கூட இல்லை. சத்தம் மட்டும் முழுக்க முழுக்க இருக்கிறது.

அவர் முகம் இருப்பது அந்த டெஸ்ட் க்ளிப்பில் மட்டும்தான். ஒரு தட்டு தட்டுகிறார். என்னைப் பார்க்கிறார். பிறகு தட்டித் தட்டி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகிறார். பாதி உடம்பு தெரிகிறது, அப்புறம் ஒரு கை, அப்புறம் வெறும் தரை. அவ்வளவு நேரமும் என் குரல், தள்ளுங்க, தள்ளுங்க என்று.

இதையா அந்த அக்காவிடம் போட்டுக் காட்டுவது?

நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். “டேய், அந்த டெஸ்ட் க்ளிப்ப அவங்க வீட்ல குடுக்கணும். அதுல நான் பேசுறத மட்டும் வெட்டிக் குடுடா.”

க்ளிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினான்.

“வெட்டினா அவரு சிரிக்கிறதும் போயிடும்டா.”