கெண்டைச் செவுளில் ஓர் உறவைத் தேடி

மீனின் செவுளைப் பார்க்க ஒருத்தி பஸ் ஏறிப் போவாளா என்று வீட்டில் கேலி. வைகாசி தொடக்கத்தில், குளங்களில் தண்ணீர் இறங்கி வலைபோடும் வாரத்தில், நான் போனேன்.

கெண்டையின் செவுளில் தட்டைப்புழுக்கள் கொக்கி மாட்டி ஒட்டியிருக்கும். கொக்கியின் வடிவைப் பார்த்துத்தான் எந்தப் புழு எதற்கு உறவு என்று புழு ஆராய்ச்சி செய்கிற நாங்கள் சொல்லுவோம். மீன் இனம் பிரிந்தால், பல சமயம் புழுவும் கூடவே பிரியும். குழித்துறை ஆற்றுக் கெண்டையின் புழுவைப் பார்த்தாயிற்று. தேரூர்ப் பக்கத்துக் குளத்துக் கெண்டையின் புழு அதற்கு உறவா? இப்போது விட்டால் அடுத்த வருடம்தான்.

நாகர்கோவிலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வழியெல்லாம் குளங்களில் இளவெயிலில் தாமரை இலைகள் மிதந்தன. நானும் பாதி உறக்கத்தில் மிதந்துகொண்டே போனேன்.

குளத்தின் குத்தகைக்காரர் மனைவி தங்கம் அக்காவிடம் போனில் மீன் சொல்லி வைத்திருந்தேன். சிரித்தபடி சட்டியை நீட்டினார்.

"எல்லாத்தையும் உப்புப் போட்டு ஒரசிக் கழுவியாச்சு. பஸ்ஸுல நாறப்பிடாதுல்லா."

"செவுள் எங்கக்கா?"

"அத தாராவுக்குப் போட்டாச்சே மக்கா."

தாரா என்றால் இங்கே வாத்து. கரையில் நான்கு வாத்துகள் நிம்மதியாக நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழத்தை உரித்துத் தந்தவரிடம் தோலைக் கேட்க வந்தவள் நான். விஷயத்தைச் சொன்னேன்.

"மீன்ல புழுவுண்ணு வெளிய சொல்லிராதீங்கோ. ஒருத்தரும் வாங்கமாட்டாவ" என்றார் அக்கா. செவுள் புழு மனிதரை ஒன்றும் செய்யாது என்றதும் முகம் தெளிந்தது. "அப்போ வாங்க. பொடிமீன எல்லாம் திருப்பிக் குளத்துல விடப்போறாவ."

ஓடினோம். கடைசிக் கூடையில் மூன்று பொடிக் கெண்டைகள் கிடைத்தன.

கரையில் சிறு மைக்ராஸ்கோப்பை வைத்து, ஒரு மீனின் செவுளை அறுத்தெடுத்து விரித்தேன். பச்சை வடிகட்டியின் வெளிச்சத்தில் ஒரு புழு மெல்ல நீண்டது, சுருங்கியது. ஆற்றுப் புழுவின் கொக்கிதான். கொக்கியின் அடிப்பகுதியான வேர் மட்டும் சற்றுக் குட்டை. உடன்பிறப்புகளாக இருக்கலாம். சந்தோஷமாக நோட்டில் அதை வரைந்துகொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: மீனைக் கழுவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் செத்தால் புழுவும் அதிக நேரம் தாங்காது. அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

தங்கம் அக்காவும் குனிந்து பார்த்தார். அதற்குள் புழுவின் அசைவு நின்றுபோயிருந்தது.

"ஒறவக் கண்டுபிடிச்சாச்சு" என்றார். "இனி அதுக்குப் போக்கிடம் இல்லியே மக்கா."