கோளாறு குப்பத்தில் இல்லை

வெள்ளிக்கிழமை மதியம் டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழவேற்காட்டிலிருந்து கூப்பிட்டவர் நம்பர் எதுவும் கேட்கவில்லை. "சாரதாம்மாவா? நம்ம காதர் பாய் மவுத் ஆயிட்டாரும்மா. தொழுதுட்டு வந்து படுத்தாரு, எழுந்துக்கல" என்றார். ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எக்ஸ்சேஞ்சின் முதல் கம்பம் தெரியும். அவர் ஏறி இறங்கிய கம்பம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதிகம் பேசியவர், ஓய்வு பெற்று மாலையோடு வந்திருந்த எங்கள் பழைய சூப்பர்வைசர். "காதர் ரொம்ப சாது. மேலதிகாரி சொன்னதை ஒருநாளும் எதிர்த்துப் பேசினதில்லை" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். காதர் பாயைத் தெரிந்தவர்கள் படிக்கட்டும். தலையாட்டியவர்களும் படிக்கட்டும்.

எல்லோரும் அவரை லைன்மேன் என்றே கூப்பிட்டோம். காகிதத்தில் அவர் லைன்மேன் இல்லை, தினக்கூலி மஸ்தூர். பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம். கப்பல் வைத்திருந்தவர்கள் என்று பிறர் சொல்வார்கள், அவர் சொன்னதில்லை. கம்பம் தூக்க வந்தவர் கம்பி இழுக்கக் கற்றார், பிறகு கோளாறு கண்டுபிடிக்கவும் கற்றார். நிரந்தரமானவர்கள் நிழலில் நிற்க இவர் மேலே ஏறுவார். எட்டு வருஷம் அப்படி ஓடியது. வேலை நிரந்தரமாகிறவர்களின் அடுத்த பட்டியலில் பெயர் வரும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்கள்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருந்த லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒரே ஒரு போன், மீனவர் சங்கக் கொட்டகையில் இருந்தது. வந்த புதிதில் நன்றாகக் கேட்டது. பிறகு குரல் தேய்ந்துகொண்டே போனது. அவர்கள் புகார் சொல்வார்கள். "உப்புக்காத்து, அங்கெல்லாம் அப்படித்தான் இருக்கும். லைன் சரின்னு எழுதிடும்மா" என்பார் சூப்பர்வைசர். கோளாறு ரிஜிஸ்டரில் 'சோதித்ததில் லைன் சரி' என்று எழுதி முடிப்பேன். யாரும் போய்ச் சோதிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

ஐப்பசியில் ஒருநாள், காலை பத்து மணி இருக்கும். போர்டில் குப்பத்து ஷட்டர் விழுந்தது, அங்கிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். பிளக்கைச் செருகினேன். இரைச்சலுக்கு அடியில் ஒரு ஆண் குரல் இருந்தது, வார்த்தை இல்லை. 'வண்டி' என்பது மட்டும் ஒருமுறை பிடிபட்டது. "சத்தமாகப் பேசுங்கள்" என்றேன். மறுபடியும் சொன்னேன். மற்ற ஷட்டர்கள் விழுந்துகொண்டிருந்தன. "ஒன்றும் கேட்கவில்லை, வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்று பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் அதையே செய்தேன்.

பேசியவர் கன்னியப்பன் என்ற மீனவர். அவருடைய தங்கை பாக்கியத்துக்கு முதல் நாளிலிருந்து பிரசவ வலி. படகில் ஏரியைக் கடந்து கொண்டுவருகிறோம், பழவேற்காட்டுக் கரைக்கு ஒரு வண்டி அனுப்பச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் கத்தியது. கரைக்கு வந்தார்கள். வண்டி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பாக்கியத்தை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. குழந்தை போய்விட்டது.

சங்கத்திலிருந்து எழுத்துமூலம் புகார் வந்தது. அதற்கான பதிலை சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல எழுதினோம். 'பேசியவருக்குக் கருவியைச் சரியாகப் பிடித்துப் பேசத் தெரியவில்லை.' எழுதி முடித்ததும் அவர் சிரித்தார். "மீன் பிடிக்கத் தெரியுது, போன் பிடிக்கத் தெரியல." இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாக்கியமே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான் அன்னிக்கு எங்க அண்ணனாண்ட பேசுனியா?"

"ஆமாம்."

"அவுரு கத்துன கத்துல கொட்டாய்ல இருந்தவங்கல்லாம் ஓடியாந்தாங்கம்மா. உனுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கேக்கல?"

வாசலில் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்த காதர் பாய் உள்ளே வந்தார். "தங்கச்சி, அதுக்குப் பதில் நான் சொல்றேன். பத்து நாள் குடு" என்றார். "நீ யாருய்யா பதில் சொல்ல?" என்றார் சூப்பர்வைசர். "லைன் பாக்கறவன் சார்" என்றார் பாய்.

யாரும் அவரை அனுப்பவில்லை. வேலைக்கு வராமல், கூலியை விட்டுவிட்டுப் போனார். முதலில் குப்பத்துக் கருவியைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் வேறொன்றை மாட்டினார். புது பேட்டரி போட்டார். அதே இரைச்சல். "மெஷின் மேலயும் தப்பில்ல, பேசறவங்க மேலயும் தப்பில்ல சாரதாம்மா. சந்தேகப் பட்டியல்லேந்து ரெண்டையும் அடிச்சிடுங்க" என்றார். அடுத்த நான்கு நாள் படகில் போய், ஏரியோரக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஏறி, கம்பியைத் தாங்கும் பீங்கான் குப்பிகளில் படிந்திருந்த உப்பைத் துடைத்தார். துருப்பிடித்த இணைப்புகளை வெட்டிப் புதிதாக முறுக்கினார். அப்போதும் குரல் தேறவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அங்கே விட்டிருப்பார்கள். உப்பு என்று சொல்லி முடிக்க அது வசதியான இடம். அவர் பழவேற்காட்டுக் கரைக் கம்பத்தில் லைனை நடுவில் வெட்டினார். சோதனை போனை மாட்டி முதலில் குப்பத்துப் பக்கம் பேசினார். அந்தப் பக்கம் சங்க குமாஸ்தா முணுமுணுத்தது கூடத் தெளிவாகக் கேட்டதாம். பிறகு என் பக்கம் பேசினார். இரைச்சலுக்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்த அவர் குரலை, நாலைந்து முறை சொல்லவைத்துத்தான் பிடித்தேன். "ஏரி மேல பழி போட்டாங்க இல்ல? ஏரி சுத்தம். கோளாறு உங்க பக்கம்."

அங்கிருந்து கம்பம் கம்பமாக டவுனை நோக்கி வந்தார். ஒவ்வொன்றிலும் ஏறி, வெட்டி, இரண்டு பக்கமும் பேசி, திரும்ப முறுக்கிவிட்டு அடுத்ததற்கு நடந்தார். ஒன்பதாம் நாள் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் முதல் கம்பத்தில் ஏறினார். நாற்பது அடி தூரம்கூட இல்லை. அவர் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. ஹெட்செட்டில் அதே இரைச்சல். ஜன்னல் வழியாக, வெறும் காற்றில், அவர் பேசுவது நன்றாகக் கேட்டது.

இறங்கி வந்து, எக்ஸ்சேஞ்சுக்குள் எல்லா லைன்களும் வந்து சேரும் சுவர்ப் பெட்டியைத் திறந்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து முதல் கம்பத்துக்கு ஈயக் கேபிள் ஒன்று தரைக்கடியில் போகிறது. ஒவ்வொரு லைனுக்கும் அதில் ஒரு ஜோடிக் கம்பி. குப்பத்துக்கு ஒதுக்கியிருந்த நல்ல ஜோடி இப்போது டவுனில் ஒரு ரைஸ்மில் முதலாளியின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கி வீணாய்ப்போன பழைய ஜோடி ஒன்றில் குப்பத்தைக் கொண்டுபோய் முறுக்கியிருந்தார்கள். மாற்றிய விவரம் ஒரு துண்டுச்சீட்டில், சூப்பர்வைசரின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது.

"இதுக்குப் பேரு கோளாறு இல்ல சாரதாம்மா. இது ஒருத்தன் செஞ்ச வேலை" என்றார். நின்ற நிற்பில் இரண்டு ஜோடிகளையும் மாற்றிப் பொருத்தினார். "குப்பத்தைக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். சங்க குமாஸ்தாவின் குரலோடு கொட்டகைக்கு வெளியே யாரோ சிரிப்பதும் கேட்டது.

ரைஸ்மில்லிலிருந்து அரை மணியில் புகார் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சூப்பர்வைசரே ஓடிவந்தார். குப்பம் மாதக்கணக்கில் கத்தியபோது நாற்காலியை விட்டு எழாதவர்.

"யாரைக் கேட்டுப் பெட்டியைத் திறந்த? பழையபடி மாத்து."

"எழுதிக் குடுங்க சார். 'குப்பத்து லைனைப் புடுங்கி மில்லுக்குக் குடு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே மாத்திடறேன்."

"உன் பேரு லிஸ்ட்ல இருக்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அந்தப் புள்ளைக்குப் பேரு வைக்கறதுக்குள்ள செத்துப்போச்சு, அதுவும் ஞாபகம் இருக்கு."

இவரைத்தான் எதிர்த்துப் பேசாதவர் என்கிறார்கள். நான் ரிஜிஸ்டரை எடுத்து எழுதத் தொடங்கினேன். யார் ஜோடி யாருக்குப் போனது, சீட்டில் யார் எழுத்து, நான் சோதிக்காமலே 'லைன் சரி' என்று எழுதியது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். ரிஜிஸ்டரில் நான் எழுதிய அந்தப் பக்கம் இருந்ததால் குப்பத்து லைனில் பிறகு யாரும் கை வைக்கவில்லை. மில்லுக்குப் புதுக் கேபிளே போட்டார்கள், ஒரே வாரத்தில். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

பத்தாம் நாள் காதர் பாய் என்னையும் படகில் அழைத்துப் போனார். பாக்கியத்திடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். என் பங்கை நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்போ எங்க கொரலு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணனைக் காட்டினாள். "இத அவுராண்ட சொல்லு நைனா. ஒயுங்கா பேசத் தெரியாம புள்ளைய சாவடிச்சிட்டேன்னு நெனச்சினுகீறாரு. அன்னிலேந்து போனைத் தொடறதே இல்ல."

பாய் கன்னியப்பன் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார். கன்னியப்பன் வலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த வருஷப் பட்டியலில் காதர் பாயின் பெயர் இல்லை. 'அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்தார்' என்று காரணம் எழுதியிருந்தது. ஐந்து வருஷம் சாலையோரத்தில் கேபிள் பள்ளம் தோண்ட அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தரம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. சூப்பர்வைசருக்குப் பதவி உயர்வு. பள்ளத்துக்குள் நின்றவரைப் பார்த்து ஒருநாள், "வருத்தமா பாய்?" என்று கேட்டேன். "கோவம் இருக்கு. வருத்தம் இல்ல. லைன் பொய் சொல்லாது சாரதாம்மா, ரிப்போர்ட்டுதான் பொய் சொல்லும். நான் லைன் பக்கம் நின்னேன்" என்றார்.

அந்தக் கோபத்தைத்தான் நான் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். சாது என்று மாலை போட்டு அதை அணைத்துவிட விடமாட்டேன். வேலையில் அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒன்று உண்டு. எங்கிருந்தோ ஒரு குரல் தேய்ந்து வந்தால் முதலில் என் பிளக்கைச் சோதிக்கிறேன், பிறகு போர்டை, பிறகு சுவர்ப் பெட்டியை. பேசுகிறவரிடம் 'சத்தமாகப் பேசுங்கள்' என்று சொல்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது.