முப்பத்தைந்துக்குப் பாஸ்

எய்யா, எம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாசியுங்கள். அப்பா பத்தாவதோடு நின்றவன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மாதம் பிறந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேங்குக்குக் கிளம்புகிற தாத்தாவை நீங்கள் கேலி செய்கிறீர்கள் அல்லவா? அவர் எனக்குத் தாய்மாமா. அந்தப் பணம் அவருக்கு வந்த கதைதான் இது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மேலப்பாளையம் ரோட்டோரம் மாமா பெட்டிக்கடை வைத்திருந்தார். ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போயிற்று. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். என் அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் மாமாவுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டாம் தடவை கரண்டியைத் தூக்குமுன் கை கழுவ எழுந்துவிடுவார்.

இளம்பிள்ளை வாதம் வந்து அவருக்கு இடதுகால் சூம்பிப்போயிருந்தது. எனக்கு அது தெரியாது என்றால் நம்புவீர்களா? வேட்டியை இடதுகையால் கொத்தாகப் பிடித்து, தொடையை அழுத்தி அழுத்தி நடப்பார். பண்ணையார்கள் அப்படித்தான் நடப்பார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

ஊனமுற்றவர்களுக்கு (அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. ஆனால் நாற்பது சதவீதமாவது ஊனம் என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அங்கே தவழ்ந்து வந்தவர்களும் கட்டை ஊன்றி வந்தவர்களுமாக ஒரே கூட்டம். நான் பைய மாமா காதில் கேட்டேன்: “நமக்குத்தான் ஒண்ணுமில்லையே மாமா, நாம எதுக்கு இங்கன இருக்கோம்?”

மாமா என் தலையைத் தடவினார்.

டாக்டர் காலை அளந்து பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். மாமா வேட்டியைப் பிடித்துத் தொடையை அழுத்தியிருந்த கையை எடுத்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முப்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பள்ளியில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். ‘மாமா பாஸ்’ என்று நான் குதிக்க, அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே, அவனவன் இல்லாத நொண்டி நொண்டிக் காட்டுதான். உள்ளதக் காட்டதுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“சின்னவன் பாத்துக்கிட்டு இருந்தாம்லா தாயி” என்றார் மாமா.

பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பினாள். “அது மார்க் இல்லலே, மண்டு. காலு எம்புட்டுக் கெட்டுக்கெடக்குன்னு போடுத கணக்கு.”

குறைச்சலாகத்தானே கெட்டிருக்கிறது என்று எனக்கு இன்னும் சந்தோஷம்.

சில மாதம் கழித்து மறுபடி முகாம். என்னைக் கூட்டிப்போக மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அழுது புரண்டும் பலிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மாவைக்கூட விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்தால் வீட்டில் கேசரி மணக்கிறது. ஐம்பது சதவீதமாம்.

“சர்க்கார் ஆளாயிட்டேரு. இனிமே நம்மகிட்டல்லாம் பேசுவேரா, மச்சான்?” என்றார் அப்பா. மாமா சிரித்தபடி கேசரியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

நான் தொடவில்லை. முப்பத்தைந்து ஐம்பதாகிவிட்டது, இவர்கள் இனிப்புக் கிண்டித் தின்கிறார்கள். இந்த வேகத்தில் கெட்டால் நூறாக எத்தனை நாள் ஆகும்? எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் மாமா என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

இருட்டுமுன் ஆற்றங்கரைச் சுடலைமாடன் கோவிலுக்கு ஓடினேன். மாமாவை மறுபடி முப்பத்தைந்தாக்கிரு சாமி என்று கும்பிட்டேன். திருநீறை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு திரும்பினேன். எல்லோரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் குனிந்து, மாமாவின் இடதுகால் செருப்பில் அதை அழுத்தித் தேய்த்துவிட்டேன்.