சிரித்துப் பேசச் சொன்னேன்

மேலகரத்தில் நானும் எட்டாவது படிக்கும் மகளும்தான். என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். தினமும் அவர் வீடியோ காலில் வருமுன், அவரைத் தேடி அழும் மகளிடம், "வாப்பா அங்கன தனியா கெடக்காவ. அழுத மொகத்தக் காட்டாத, சிரிச்சிப் பேசு" என்பேன். அவளும் சிரிப்பாள். நாளாக ஆக அழுவதையே விட்டுவிட்டாள். பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

சீசனுக்குக் குற்றாலம் போனோம். குளித்துவிட்டு, உடை மாற்றும் அறையில் அவள் தலையைத் துவட்டினேன். தலையை அவளே வாரிக்கொள்வதால், முக்காட்டுக்குள் நான் பார்க்காத உச்சந்தலையில், உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை.

"அழுக வந்தா முடியப் பிச்சிக்கிடுவேன். அழக்கூடாதுன்னு நீதான உம்மா சொன்ன" என்றாள். ஈரத்துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் காட்டுகிறோம். இப்போதெல்லாம், "அழணும்னா வாப்பாட்ட அழு" என்று சொல்லித்தான் போனைக் கொடுக்கிறேன். திரையில் அவர் முகம் தெரிந்ததும் சிரித்துவிடுகிறாள்.